பனியும் கனியும்: சர்பத்தின் நெடும்பயணமும் நாம் மறந்த பாடமும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்பாளனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

கோடை வந்துவிட்டால் நம் இல்லங்களில் சர்பத் இடம்பெறாத நாளில்லை. திருமண விருந்திலும் இஃப்தார் விரிப்பிலும் வண்ண வண்ணக் குவளைகள் வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் வழியில் ஐஸ் வாங்கிச் சுவைக்கிறார்கள். இந்தக் குவளைக்குப் பின்னால் ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட ஒரு வரலாறு உண்டு. அந்த வரலாற்றில் கனி இருந்தது, மருத்துவம் இருந்தது, ஈகை இருந்தது. இன்று நம் குவளையில் இவற்றுள் எவை எஞ்சியிருக்கின்றன என்பதே இக்கட்டுரையில் நாம் ஆராய விழையும் வினா.

பெயரில் உறங்கும் பொருள்

'ஷரிப' என்னும் அரபு வினைச்சொல்லுக்குக் 'குடித்தான்' என்பது பொருள். அதிலிருந்து பிறந்த 'ஷராப்' என்னும் சொல் குடிக்கத்தக்க எதனையும் குறித்தது. பிற்காலத்தில் உருது போன்ற மொழிகளில் அது மதுவுக்கு உரிய பெயராகச் சுருங்கியது. ஆனால் திருக்குர்ஆன் அந்நஹ்ல் அத்தியாயத்தில், தேனீயின் வயிற்றிலிருந்து வெளிவரும் பல நிறப் பானத்தைக் குறிக்க இச்சொல்லையே ஆள்கிறது. அதில் மனிதர்களுக்கு நிவாரணம் உண்டு என்றும் உணர்த்துகிறது. பானத்தையும் நிவாரணத்தையும் ஒருசேரக் கூறும் இந்த இறைவசனத்தை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

அதே வேரிலிருந்து வந்ததே 'ஷர்பத்'. துருக்கியர் நாவில் அது 'ஷெர்பெத்' ஆனது; இத்தாலியர் நாவில் 'சொர்பெத்தோ' ஆனது; பிரெஞ்சியர் அதனைச் 'சொர்பே' என்றனர். இன்று உயர்தர உணவகங்களில் பழச்சாற்றை உறைய வைத்துப் பரிமாறும் சொர்பேயும், நம் தெருமுனைக் கடையின் சர்பத்தும் ஒரு தாய் மக்களே. மருந்துக்கடையில் நாம் கேட்டு வாங்கும் 'சிரப்' கூட 'ஷராப்' என்ற சொல்லின் வழித்தோன்றல்தான்.

பாலைவனத்தில் ஒரு கனி

குளிர்ச்சியைப் பற்றிப் பேசுமுன் கனியைப் பற்றிச் சிறிது பேசுவோம். மிஸ்வாக் குச்சியைத் தரும் அராக் மரத்தை நாம் அறிவோம். அம்மரத்தில் மிளகைவிடச் சற்றே பெரிய சிறு கனிகள் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும். 'கபாஸ்' என்பது அவற்றின் பெயர். நபித்தோழர் ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி ஒன்று புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் உள்ளது. மர்ருழ் ழஹ்ரான் என்னுமிடத்தில் தோழர்கள் அக்கனிகளைப் பறித்துக்கொண்டிருந்தபோது, கறுத்தவற்றைத் தேர்ந்தெடுக்குமாறும் அவையே மிகச் சிறந்தவை என்றும் அண்ணலார் (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். ஆடு மேய்த்தவருக்கே இந்த நுட்பம் தெரியும் என்பதால், தாங்கள் ஆடு மேய்த்ததுண்டா எனத் தோழர்கள் வினவினர். ஆடு மேய்க்காத நபி எவரும் இல்லை என்ற கருத்தில் விடை கிடைத்தது.

முற்றிக் கறுத்த கனியே சிறந்தது என்பதை இன்றைய உணவறிவியலும் ஏற்கிறது. முசுக்கட்டை, நாவல் போன்ற கனிகளின் கருநீலத்திற்குக் காரணம் 'ஆந்தோசயனின்' என்னும் நிறமி. கனி பழுக்கப் பழுக்க அந்நிறமி பெருகுகிறது. உயிரணுக்களைச் சிதைவிலிருந்து காக்கும் பொருள்களின் வகையைச் சேர்ந்தது அது.

இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர். நபிகளார் (ஸல்) தம் ஊரில் விளையும் கனியை அதன் பருவத்தில் உண்டார்கள் என்றும், உடல்நலம் பேணும் பெருங்காரணங்களுள் அதுவும் ஒன்று என்றும் தமது 'ஸாதுல் மஆத்' நூலில் அவர் எழுதுகிறார். ஒவ்வொரு நிலத்திற்கும் அம்மக்களுக்கு ஏற்ற கனியை இறைவன் அளித்துள்ளான் என்பது அவர் தரும் விளக்கம்.

பனி வந்த வழி

மக்காவும் மதீனாவும் வெப்ப நிலங்கள். எனினும் தொழுகையின் தொடக்கத்தில் ஓதப்படும் துஆ ஒன்றில், பாவங்களை நீராலும் பனியாலும் ஆலங்கட்டியாலும் கழுவுமாறு இறைஞ்சும் சொற்களை நபிகளார் (ஸல்) கற்றுத் தந்தார்கள். பாவம் உள்ளத்தில் மூட்டும் வெம்மையைத் தணிக்கவே குளிர்ந்தவை குறிப்பிடப்பட்டன என அறிஞர்கள் விளக்கினர். நபிகளாருக்கு மிக விருப்பமான பானம் இனிப்பும் குளிர்ச்சியும் உடையதாக இருந்தது என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் வழியாகத் திர்மிதி நூலில் செய்தி உண்டு.

அப்பாஸிய கலீஃபா அல்மஹ்தி ஹிஜ்ரி 160இல் (கி.பி. 777) ஹஜ் செய்தபோது அவருக்காக மக்காவுக்குப் பனி கொண்டுவரப்பட்டதை வரலாற்றாசிரியர்கள் வியப்புடன் குறித்துள்ளனர். பின்னர் மம்லூக் சுல்தான்களின் காலத்தில் சிரியாவின் மலைப்பனி ஒட்டகங்களிலும் கப்பல்களிலும் ஏற்றப்பட்டுக் கெய்ரோவை அடைந்தது. கி.பி. 1418இல் மறைந்த அல்கல்கஷந்தி இதனைத் தம் நூலில் விரிவாகப் பதிந்துள்ளார். உஸ்மானியர் காலத்தில் பர்ஸா நகரையொட்டிய உலுதாக் மலையின் பனி இஸ்தான்பூல் அரண்மனைக்குச் சென்றது.

ஈரானியர் பனியைத் தேடி மலைக்குச் செல்வதோடு நில்லாமல், பாலை விளிம்பிலேயே உருவாக்கவும் செய்தனர். யஸ்த், கிர்மான் பகுதிகளில் இன்றும் காணப்படும் 'யக்சால்' என்னும் கூம்பு வடிவக் கட்டடங்கள் அதற்குச் சான்று. குளிர்கால இரவில் ஆழமற்ற குளங்களில் நீரைப் பாய்ச்சுவர். மேகமற்ற வானத்தை நோக்கி அந்நீர் தன் வெப்பத்தை இழந்து உறையும். பகலில் உயர்ந்த மதிலொன்று வெயிலை மறைக்கும். உறைந்த பனியை வெட்டி, தடித்த மண்சுவருடைய கூம்பின் அடியிலுள்ள குழியில் வைக்கோலிட்டுச் சேமிப்பர். கோடை முழுவதும் அது பயன்படும். மின்சாரமின்றி, எரிபொருளின்றி, காற்றையும் நிழலையும் இரவையும் கொண்டே இதைச் சாதித்தனர். இறைவன் படைப்பில் வைத்த நியதிகளை உற்றுநோக்கியோருக்குக் கிடைத்த பரிசு அது. சுப்ஹானல்லாஹ்!

வெடியுப்பும் குளிரூட்டியது

சில உப்புகள் நீரில் கரையும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். வெடியுப்பைக் கொண்டு நீரைக் குளிர்விக்கும் முறையை, கி.பி. 1270இல் மறைந்த சிரியா நாட்டு மருத்துவ வரலாற்றாசிரியர் இப்னு அபீ உஸைபிஆ குறித்துவைத்துள்ளார். முகலாயப் பேரரசர் அக்பரின் அவையில் இம்முறை நடைமுறையில் இருந்ததை அபுல் ஃபஸ்லின் 'ஆயினே அக்பரி' கூறுகிறது. கி.பி. 1586 முதல் வடக்கு மலைகளிலிருந்து லாகூருக்குப் பனிக்கட்டி வந்த செய்தியும் அதே நூலில் உண்டு. பேரரசரின் பாட்டனார் பாபர், இந்த நாட்டில் பனியும் இல்லை, குளிர்நீரும் இல்லை என்று தம் நினைவுக் குறிப்பில் குறைப்பட்டிருந்தார். இரண்டு தலைமுறைக்குள் அக்குறை அரண்மனையளவில் நீங்கியது.

பனிக்கட்டியோடு சாதாரண உப்பைக் கலந்தால் அதன் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழே ஏறத்தாழ 21 பாகை வரை இறங்கும். அந்தக் கலவைக்குள் பழச்சாறு நிறைந்த பாத்திரத்தை வைத்துச் சுழற்றினால் சாறு உறையும். குடிக்கும் சர்பத் கரண்டியால் உண்ணும் சொர்பேயாக மாறியது இவ்வறிவு பரவிய பின்னரே. 1690களில் நேப்பிள்ஸ் நகரில் அந்தோனியோ லத்தீனி என்பார் வெளியிட்ட சமையல் நூலில் சொர்பெத்தோ செய்முறைகள் அச்சேறின.

இங்கே ஒரு நேர்மை தேவைப்படுகிறது. ஐஸ்கிரீமைக் கண்டுபிடித்தவர்கள் முஸ்லிம்களே என்று பெருமிதத்துடன் செய்தி பரப்புவோர் நம்மிடையே உள்ளனர். மலைப்பனியைச் சேமித்துப் பானத்தில் இடும் வழக்கம் ரோமர் காலத்திலேயே இருந்தது. சீனத்திலும் பனிக்கிடங்குகள் தொன்மையானவை. முஸ்லிம் உலகம் செய்த பணி வேறு. கரும்பையும் எலுமிச்சை இனங்களையும் நிலம்விட்டு நிலம் கொண்டுசென்று பயிரிட்டது. மதுவை விலக்கிய விருந்துக்குக் கனிச்சாற்றை நிறைவான மாற்றாக வளர்த்தெடுத்தது. அதற்கு ஒரு பெயரையும் தந்தது. உள்ள பெருமையே போதுமானது. இல்லாததைச் சேர்ப்பது பொய்யாகும். பொய் முஃமினுக்கு அழகன்று.

பருவக் கனிகளின் பனிச்சுவை

இனி, சிறுகனிகள் பனியோடு சேர்ந்த இடங்களைக் காண்போம். டமாஸ்கஸ் நகரில் கருநிற முசுக்கட்டையைத் 'தூத் ஷாமி' என்பர். கோடையில் அதன் அடர்ந்த சாற்றை நொறுக்கிய பனிக்கட்டியோடு விற்பது அந்நகரத் தெருக்களின் பழைய வழக்கம். உஸ்மானியர் புளிப்புச் செர்ரியிலும், 'கஸல்ஜக்' என்னும் சிவந்த சிறுகனியிலும் ஷெர்பெத் செய்தனர். ஷீராஸ் நகரின் ஃபாலூதாவில் மாவுச்சத்தால் ஆன மெல்லிய இழைகள் பாதி உறைந்த பாகில் கிடக்கும். அதன்மேல் எலுமிச்சைச் சாற்றையோ செர்ரிச் சாற்றையோ ஊற்றுவர்.

இத்தாலியின் சிசிலித் தீவில் கி.பி. 827இல் முஸ்லிம் படை இறங்கியது. 1091இல் நார்மன்கள் அத்தீவை முழுமையாகக் கைப்பற்றினர். எட்னா எரிமலையின் சரிவுகளில் திரட்டிய பனியை நெடுங்காலம் அத்தீவினர் வணிகம் செய்தனர். இன்றும் கத்தானியா, மெஸ்ஸினா பகுதிகளில் கருமுசுக்கட்டையில் செய்த 'கிரானிதா' என்னும் பனிப்பண்டம் கோடைக்காலக் காலையுணவாகவே பரிமாறப்படுகிறது. கனி, நீர், சர்க்கரை ஆகிய மூன்றுமே அதன் பொருள்கள்.

டெல்லி, லாகூர், கராச்சி நகரங்களில் மே, ஜூன் மாதங்களில் 'ஃபால்ஸா' என்னும் ஊதாநிறச் சிறுகனி வரும். பறித்த ஓரிரு நாள்களில் கெட்டுவிடும் இயல்புடையது அது. ஆகவே அம்மக்கள் உடனுக்குடன் சர்பத்தாக்கிக் குடிக்கின்றனர். உறைய வைத்தும் உண்கின்றனர். கனி வந்த நேரத்தில் உண்பதும், பருவம் முடிந்தபின் அடுத்த ஆண்டுக்குக் காத்திருப்பதும் ஒருவகைப் பொறுமைப் பயிற்சியே.

மருந்தகமும் சந்தைக் கண்காணிப்பும்

முற்காலத்தில் சர்பத் இனிப்பகத்தில் மட்டுமன்றி மருந்தகத்திலும் பிறந்தது. முசுக்கட்டைச் சாற்றைக் காய்ச்சிக் குறுக்கிய 'ருப்பு' தொண்டைப் புண்ணுக்கும் வாய்ப்புண்ணுக்கும் மருந்தாயிற்று. கிரேக்க மருத்துவரிடமிருந்து பெற்ற இவ்வறிவை இப்னு ஸீனா போன்றோர் வளர்த்தனர். அதேவேளை, அளவுக்கு மிஞ்சிய பனிக்குளிர்ச்சி உடலுக்கு ஊறு செய்யும் என எச்சரிக்கவும் அம்மருத்துவர்கள் தவறவில்லை.

பானம் மருந்தானதால் அதில் கலப்படம் செய்வது உயிரோடு விளையாடுவதாகக் கருதப்பட்டது. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த அஷ்ஷைஸரீ, சந்தையைக் கண்காணிக்கும் 'முஹ்தஸிப்' அலுவலருக்காக ஒரு கையேடு எழுதினார். அதில் ரொட்டி சுடுவோர், இறைச்சி விற்போர் ஆகியோரைப் போலவே சர்பத் தயாரிப்போருக்கும் தனி அத்தியாயம் ஒதுக்கப்பட்டுள்ளது. குவளையில் கனி உள்ளதா, கலப்படம் உள்ளதா எனக் கேட்பது அன்று அரசின் கடமை. இன்று அது நம் ஒவ்வொருவரின் கடமையும் ஆகும்.

நம் சமையலறை அடுக்கிலிருக்கும் சர்பத் பாட்டிலைத் திருப்பி, அதன் பின்புறம் எழுதப்பட்டிருப்பதைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் முதலிடத்தில் சர்க்கரை இருக்கும். அடுத்து நீர், நிறமி, மணமூட்டி. கனி இருந்தால் அதன் விழுக்காட்டைத் தேட வேண்டியிருக்கும். நிவாரணத்தோடு சேர்த்துச் சொல்லப்பட்ட ஒரு பெயர் வெறும் சர்க்கரைப் பாகின்மேல் ஒட்டப்பட்டிருக்கிறது.

ஊட்டம் எங்கே, தீங்கு எங்கே

100 கிராம் முசுக்கட்டையில் ஏறத்தாழ 88 விழுக்காடு நீர். ஆற்றல் 43 கலோரி மட்டுமே. வைட்டமின் சி சுமார் 36 மில்லிகிராமும், இரும்புச்சத்து 1.8 மில்லிகிராமும் உண்டு. நோன்பு திறக்கும் வேளையில் வறண்ட உடலுக்கு நீரும் உயிர்ச்சத்தும் ஒருங்கே தருவன இத்தகைய கனிகள்.

உறைய வைப்பதால் ஊட்டம் அழிந்துவிடும் என்பது பலரின் எண்ணம். குளிர்ச்சியில் வைட்டமின் சி பெரும்பாலும் காக்கப்படுகிறது. நெடுநேரம் கொதிக்க வைப்பதே அதனை அழிக்கிறது. தோலையும் சக்கையையும் வடிகட்டி எறியும்போது நார்ச்சத்தும் நிறமியின் ஒரு பகுதியும் வீணாகின்றன.

தீங்கு வருவது சர்க்கரையால். குளிர்ந்த நாவுக்கு இனிப்பு மந்தமாகவே தெரியும். அறை வெப்பத்தில் திகட்டும் பாகு, உறைந்தபின் அளவான இனிப்பாகத் தோன்றும். மேலும், சர்க்கரை நீரின் உறைநிலையைத் தாழ்த்திப் பண்டத்தை மென்மையாக்குகிறது. இவ்விரு காரணங்களாலும் பனிப்பண்டங்களில் நாம் உணர்வதைவிட மிகுதியான சர்க்கரை மறைந்திருக்கிறது. சேர்க்கப்பட்ட சர்க்கரையை நாளொன்றுக்கு 25 கிராம், அதாவது 6 தேக்கரண்டி அளவுக்குள் நிறுத்துவது மேலும் நன்மை தரும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நம் ஜமாஅத்தில் இந்நோய் தொடாத குடும்பம் எத்தனை என எண்ணிப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற இறைக்கட்டளை நம் குவளைக்கும் பொருந்தும்.

நம் மண்ணில் ஆடி, ஆவணி மாதங்களில் நாவற்பழம் கூடைகூடையாய் வருகிறது. இலந்தையும் களாவும் அவற்றின் பருவங்களில் கிடைக்கின்றன. நன்கு பழுத்த நாவற்பழத்தின் கொட்டையை நீக்கி, சதையைத் தோலோடு மசித்து, சிறிது எலுமிச்சைச் சாறும் ஒரு கரண்டித் தேனும் கலந்து, அகன்ற தட்டில் ஊற்றி உறைபெட்டியில் வையுங்கள். அரைமணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் கிளறிவிட்டால் மூன்று மணி நேரத்தில் பூத்தூள் போன்ற பனிப்பண்டம் கிடைக்கும். நீரிழிவு உள்ளோர் தேனையும் தவிர்த்து, மருத்துவர் கூறிய அளவைப் பேண வேண்டும். நாவற்பழம் மருந்துக்கு மாற்றாகாது.

பனியும் ஈகையும்

குளிர்ச்சி அரிதாக இருந்த காலத்தில் அதனைப் பகிர்வது பெரும் ஈகை. கி.பி. 1187 ஜூலையில் ஹித்தீன் போரில் தோற்றுத் தாகத்தால் துவண்ட மன்னர் கை, சுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் கூடாரத்திற்குக் கொண்டுவரப்பட்டார். சுல்தான் அவருக்குப் பனியிட்ட பானம் அளித்தார். கைதிக்கு உணவோ பானமோ அளித்தால் அவர் உயிருக்குப் பாதுகாப்பு என்பது அரபு மரபு. மன்னர் கை பிழைத்தார். 1192இல் எதிரி மன்னர் ரிச்சர்ட் காய்ச்சலில் கிடந்து கனியும் பனியும் வேண்டியபோது, சுல்தான் அவற்றை அனுப்பிவைத்தார். சுல்தானுடன் இருந்த இப்னு ஷத்தாத் எழுதிய வரலாறு இவற்றுக்குச் சான்று. உஸ்மானிய நகரங்களில் வக்ஃபு சொத்துகளின் வருவாயில் 'ஸபீல்' என்னும் நீர்ப்பந்தல்கள் வழிப்போக்கருக்குக் குளிர்நீர் வழங்கின.

நம் சென்னைக்குப் பனி வந்ததோ வணிகமாக. 1833இல் அமெரிக்காவின் பாஸ்டன் துறைமுகத்திலிருந்து ஏறத்தாழ 180 டன் ஏரிப்பனியோடு புறப்பட்ட கப்பல், நான்கு மாதக் கடற்பயணத்திற்குப் பின் ஏறத்தாழ 100 டன்னோடு கல்கத்தாவை அடைந்தது. ஃப்ரெடெரிக் டியூடர் என்பாரின் வணிகம் அது. சென்னைக் கடற்கரையில் 1842இல் அவ்வணிகத்திற்காகவே ஒரு பனிக்கிடங்கு எழுந்தது. திருவல்லிக்கேணியையொட்டிய அப்பகுதி இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே அழைக்கப்படுகிறது. கட்டடம் விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. கடல் கடந்து வந்த அப்பனி ஆங்கிலேயருக்கும் செல்வந்தருக்குமே எட்டியது. இன்றோ எளிய குடும்பத்து வீட்டிலும் குளிர்பெட்டி உண்டு. கலீஃபாவுக்கு ஒட்டகத்தில் வந்த அருட்கொடை நம் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. அதற்கான நன்றி நம்மிடம் இருக்கிறதா?

அருட்கொடைக்கு நன்றி செலுத்தும் முறையை அண்ணலார் (ஸல்) அவர்களே கற்பித்துள்ளார்கள். மதீனாவில் பருவத்தின் முதற்கனியை மக்கள் அவர்களிடம் கொண்டுவருவர். அதனைக் கையில் வாங்கி, கனிகளிலும் நகரிலும் அளவைகளிலும் பரகத் வேண்டித் துஆச் செய்வார்கள். பின்னர் அங்கிருக்கும் மிகச் சிறிய குழந்தையை அழைத்து அக்கனியைக் கொடுத்துவிடுவார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது.

அந்தக் குழந்தையின் கையில் வந்தது உண்மையான கனி. நம் குழந்தைகளின் கையில் நாம் தருவது நிறமூட்டிய சர்க்கரையாக இருக்கலாகாது. இவ்வாண்டு நாவற்பழம் வரும்போது முதற்கூடையை வாங்கி, பிஸ்மில்லாஹ் கூறி, வீட்டின் இளைய பிள்ளைக்கு முதலில் கொடுங்கள். அண்டை வீட்டுக்கும் ஒரு கிண்ணம் அனுப்புங்கள்.

வல்ல அல்லாஹ் நம் கனிகளில் பரகத் செய்வானாக! ஹலாலானதையும் தூய்மையானதையும் அளவோடு உண்டு, அவனுக்கு நன்றி செலுத்தும் நல்லடியார்களாக நம்மையும் நம் சந்ததிகளையும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.